ஏபி அப்பா, ஓ மகள்

ஓய்வு பெற்ற பிறகு என் அறிவு வீணாகிவிடக் கூடாதென்று, ஒரகடம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்த அழைத்தது. நானும் நாட்டின் மேல் இரக்கப்பட்டு ஒப்புக்கொண்டேன்.

மரபியல் வந்தது. புத்தகம் அதைப் பட்டாணிச் செடியை வைத்து விளக்குகிறது. பட்டாணியைச் சுண்டலில் மட்டுமே பார்த்த பிள்ளைகளுக்கு ரத்த வகையை வைத்து நடத்தலாம் என்று புதுமை செய்தேன். இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரு வசதி. வீட்டுக்கு ஒருவராவது கம்பெனிக்குப் போகிறார். ஐடி கார்டின் பின்புறம் ரத்த வகை இருக்கும். அப்பாவின் கார்டைப் பார்த்து எழுதி வாருங்கள் என்றேன். பிள்ளைகளுடையதைப் பள்ளி முகாமில் ஏற்கெனவே சோதித்திருந்தார்கள்.

சிவகங்கைப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். “அப்பா ஏபி சார். நான் ஓ.”

ஏபி தந்தைக்கு ஓ பிள்ளை பிறக்காது என்பது பாடம். மிக அரிதாக விதிவிலக்கு உண்டென்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் வகுப்பின் சுவை கெட்டுவிடுமே! கரும்பலகையில் கட்டம் போட்டு, “நடக்கவே நடக்காது” என்று அடித்துச் சொன்னேன். அதோடு நிறுத்தினேனா? அடுத்த தலைப்பு டிஎன்ஏயின் அன்றாடப் பயன்கள். குற்றவாளியைப் பிடிக்கலாம், நோயை முன்பே அறியலாம், பிள்ளைக்குத் தகப்பன் யாரென்றும் சொல்லலாம் என்று அதே மூச்சில் தொடர்ந்தேன். இரண்டு பாடங்களை இவ்வளவு பொருத்தமாக இணைத்த ஆசிரியர் வேறு யாரும் இருக்க முடியாது.

கடைசி பெஞ்சில் ஒருவன் கிசுகிசுத்தான். “இன்னாடா, அப்போ அவ நைனா யாருடா?”

“நைனா நைட் ஷிப்ட்டுடா, அதான்!”

மேசையைத் தட்டி அதட்டினேன். என் உதட்டோரத்திலும் சிரிப்பு இருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் கடைசி வகுப்புக்கு அப்பா, அம்மாவோடு வந்தாள். அப்பா கம்பெனிச் சட்டையில் இருந்தார். கையில் லேப் ரிப்போர்ட்.

“நான் கான்ட்ராக்ட் ஆளு சார். சேரும்போது ரத்த குரூப் கேட்டாங்க, தெரியாதுன்னேன். எனக்கு முன்னால நின்னவனுக்குப் போட்டதையே எனக்கும் போட்டுட்டாங்க. இப்ப டெஸ்ட் எடுத்தோம். எனக்கு பி, இவ அம்மாவுக்கு ஓ.”

பி தந்தைக்கும் ஓ தாய்க்கும் ஓ பிள்ளை தாராளமாகப் பிறக்கும். “நான் பிள்ளைகளிடம் பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன்” என்றேன்.

அம்மா முன்னால் வந்தாள். “அன்னைக்குச் சத்தமாத்தான சொன்னீக? இன்னைக்கும் அதே சத்தத்துல சொல்லுங்க. நாங்க இங்கனயே நிக்கிறோம்.”

சொன்னேன். கட்டத்தைத் திரும்பப் போட்டேன். விதிவிலக்கு தெரிந்தும் மறைத்தேன், தவறு என்னுடையது என்றேன். பையன்கள் கைதட்டினார்கள். அவர்கள் எதற்கும் தட்டுவார்கள்.

மணி அடித்ததும் அவள் என் மேசைக்கு வந்தாள்.

“சார், லேப்லயும் சும்மா எழுதியிருந்தா?”

“அப்படி எழுத மாட்டாங்கம்மா.”

“கார்டுலயும் எழுத மாட்டாங்கன்னுதான நெனச்சீங்க?”

நான் கரும்பலகையை அழிக்கத் திரும்பியதும் அவள் கிளம்பிப் போனாள். வெளியே அப்பா வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். அம்மா அவர் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். மகள் ஏறவில்லை. பக்கத்தில் நின்று அவர் காதை, மூக்கை, நெற்றியை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தெரியாததுபோல் முகத்தை அசைக்காமல் வைத்திருந்தார்.