பாராட்டினால் திருஷ்டி, திட்டினால் லீவு

டிரில் மாஸ்டர் வேலைக்குக் காக்கி நிக்கரும் உரத்த குரலும் போதும் என்று நம்பித் திருச்சிப் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்ந்தேன். ஊரார் பிள்ளைகளை ஓட வைத்துப் பிழைக்கும் சகோதரர்களே, அது போதாதென்று உங்களுக்குத் தெரியும்.

அம்மாவின் உத்தரவு

ஸ்ரீரங்கத்துச் சேஷாத்ரி நூறு கஜ ஓட்டத்தில் சூரன். அந்த வருஷப் பந்தயத்தில் ஜெயிக்காவிட்டால் ஓட்டத்தை நிறுத்தி ஷார்ட்ஹாண்ட் வகுப்பில் தள்ளிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அவரைச் சமாதானப்படுத்த வீட்டுக்கே போய், "உங்கள் பிள்ளைக்கு ஈடு ஜில்லாவிலேயே கிடையாது" என்று வாயாரப் புகழ்ந்துவிட்டு வந்தேன். மறுநாளே பையனுக்குக் கால் சுளுக்கு. பார்க்கப் போனால், அம்மா உப்பு மிளகாய் சுற்றிப்போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்கோ. புகழ மட்டும் புகழாதேள்!"

லீவின் காரணம்

உத்தரவு கிடைத்தபின் கேட்க வேண்டுமா? கால் சரியானதும் கை வீசினால் திட்டு, மூச்சு வாங்கினால் திட்டு. ஒரே வாரத்தில் சேஷாத்ரி மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவனோடு ஓடும் தென்னூர் ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"வந்தாத்தானே திட்டுவாரு, வரலைன்னா எப்படித் திட்டுவாருன்னு கேக்கறான் சார்!"

முதல் சுற்று

இனிமேல் புகழவும் மாட்டேன், திட்டவும் மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து அழைத்து வந்தேன். பந்தயத்தன்று முதல் சுற்றில் பாதி தூரம் வரை அவன்தான் முன்னால். மைதானத்து ஓரத்தில் நின்றிருந்த என்னைத் தாண்டியவன் சட்டென்று தலையைத் திருப்பினான். அதற்குள் இரண்டு பேர் முந்திவிட்டார்கள். முதல் மூன்று பேருக்குத்தான் கடைசிச் சுற்றில் இடம்; மூன்றாவதாக வந்து எப்படியோ ஒட்டிக்கொண்டான். வாய்வரை வந்த திட்டை விழுங்கிக்கொண்டு, ஏனப்பா திரும்பினாய் என்றேன்.

"வாயாலதானே ஒண்ணும் சொல்லமாட்டேன்னேள்? மூஞ்சியைப் பார்த்தா தெரியுமேன்னு பார்த்தேன் சார்."

கயிற்றுக்கு அப்பால்

கடைசிச் சுற்றில் முடிவுக் கயிற்றுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். என் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் நேரே ஓடித்தான் வரவேண்டும். வந்தான். கயிற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு முதலாவதாக வந்து, மூச்சிரைக்க என் எதிரில் நின்றான். கொடுத்த வாக்கு நினைவுக்கு வர, உதட்டை இறுக மூடிக்கொண்டேன்.

"இப்பவாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்கோ சார், திட்டினாலும் பரவாயில்லை!"

நான் விசிலை எடுத்து மைதானமே அதிரும்படி ஊதினேன். அது பாராட்டா திட்டா என்று இன்றுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.