குவாரி ஓரத்து மைதானம்

பந்து உருண்டு போன விதம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதை யாரும் உதைக்கவில்லை. எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி கையில் வைத்திருந்த வாலிபாலை, விளையாட்டு அரங்கத்துக்கு இடம் பார்க்க வந்த குழுவின் புகைப்படக்காரர் சொன்னதற்காகத் தரையில் வைத்தாள். ஒரு கணம் நின்றது, பிறகு தானாகவே நகர்ந்தது. பொதட்டூர்பேட்டை சாலையை ஒட்டிய அந்தப் புறம்போக்கு நிலம் கண்ணுக்குச் சமதரையாகத்தான் தெரிந்தது. பந்தோ காய்ந்த புல்லின் மேல் வேகம் கூடிக்கொண்டே போய், வேலிகாத்தான் புதர்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் நுழைந்து மறைந்தது. கீழே தண்ணீரில் விழுந்த சத்தம் சற்றுத் தாமதமாகத்தான் வந்தது. அதற்குள் மாணவிகள் அதன் பின்னால் ஓடத் தொடங்கியிருந்தார்கள்.

எங்கள் பி.டி. டீச்சர் விசில் ஊதினார். எல்லாரும் நின்றார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் ஓடிய வேகத்தில் விளிம்புவரை போய், ஒரு வேலிகாத்தான் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முள் ஏறி உள்ளங்கையில் ரத்தம் வந்தது. பி.டி. டீச்சர் ஓடவில்லை. பின்னாலிருந்து கூப்பிடவும் இல்லை. சாதாரணமாக நடந்துபோய், அவள் இடுப்பை இரண்டு கைகளாலும் பற்றிப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். கூட வந்திருந்த அதிகாரிகள் சிரித்தார்கள். பயத்தில் வருகிற சிரிப்புதான் அது. நானும் விளிம்பருகே போய்க் கீழே பார்த்தேன். பாறையைச் செங்குத்தாக வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட கல்குவாரி. அடியில் பச்சை நிறத்தில் தண்ணீர் அசைவற்றுக் கிடந்தது. பந்து அதன் நடுவில் மிதந்துகொண்டிருந்தது.

திருத்தணிக்கு ஒரு விளையாட்டு அரங்கம் வேண்டும் என்று மனுமேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருந்தவர் அந்த பி.டி. டீச்சர்தான். நான் அதே பள்ளியில் கணக்கு ஆசிரியை. அவர் அரக்கோணத்து லாரி மெக்கானிக் ஒருவரின் மகள். நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் ஓடுவதா என்று சொந்தக்காரர்கள் கேட்ட காலத்திலேயே மாவட்ட அளவில் ஓடியவர். எங்கள் பள்ளிப் பெண்களுக்கு ஓட இடம் இல்லை. மலைக்குப் போகும் பைபாஸ் ஓரத்தில், விடியற்காலையில், பேருந்துகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடுவார்கள். ஆடிக் கிருத்திகை வந்தால் அதுவும் கிடையாது, ஊர் முழுக்கக் காவடிதான். அரங்கத்துக்கு அனுமதி வந்துவிட்டது என்ற செய்தி கிடைத்த அன்று அவர் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தார். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டதை நான் மட்டும் பார்த்தேன்.

இடம் பார்க்க ஒரு குழு அமைத்தார்கள். விளையாட்டுப் பிரதிநிதி என்று அவரையும் அதில் சேர்த்தார்கள். பெண்களை அழைத்துப் போகத் துணைக்கு நானும் போனேன். கனகம்மாசத்திரம் போகும் வழியில் ஒரு மேட்டு நிலம் இருந்தது, பேருந்தும் நிற்கும். ஆனால் அது பலருடைய பட்டா நிலம். பேசி வாங்க வருடங்கள் ஆகும் என்றார்கள். திருவாலங்காட்டுப் பக்கம் காட்டியது நஞ்சை, காலை வைத்தால் புதைந்தது. மிஞ்சியது இந்தக் குவாரி ஓரம். அரசு நிலம், கேட்க ஆளில்லை, ஊருக்கும் பக்கம். பந்து விழுவதற்கு முன்பே எல்லார் மனதிலும் அது முடிவாகியிருந்தது.

பந்து விழுந்த பிறகு, வெயிலில் நின்றபடியே பி.டி. டீச்சர் பொறியாளரிடம் சொன்னார்: "சார், மொதல்ல அந்தப் பள்ளத்த மூடுங்க. அப்புறம் கிரவுண்ட் போடலாம்."

"அத மூடறதுக்கு எவ்ளோ மண்ணு வேணும்னு தெரியுமா மேடம்? சுத்தி செவுரு வச்சிடுவோம். ஆள் ஒசரத்துக்கு மேல."

"செவுரு இருந்தா எகிறி குதிப்பாங்க சார். வெயில்ல ஆடிட்டு வர்ற புள்ளைங்க. பக்கத்துல தண்ணி இருந்தா அது கூப்பிட்டுகினே இருக்கும்."

"நீங்கதான மேடம் இத்தன வருசமா கேட்டுகினு இருந்தீங்க?"

குழுவில் பி.டி. டீச்சர் ஒருவர் மட்டும் சம்மதிக்கவில்லை. ஒரு பி.டி. டீச்சரின் மறுப்புக்கு என்ன பலம் இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தோம். ஆனால் அவர் விடவில்லை. மேலதிகாரிகளைத் தேடித் தேடிப் போய்ப் பேசினார். மறுபடி ஆய்வு, மறுபடி விசாரணை என்று காலம் ஓடியது. அந்த ஆண்டு ஒதுக்கீடு வேறொரு ஊருக்குப் போய்விட்டது.

அதன் பிறகு ஊர் அவரிடம் வேறு விதமாக நடந்துகொண்டது. யாரும் சண்டைக்கு வரவில்லை. அவருடைய கணவரின் டூவீலர் பட்டறைக்கு வந்துகொண்டிருந்த இளைஞர்கள் வேறு பட்டறைக்குப் போனார்கள். கபடிக் குழுப் பையன்கள் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பயிற்சிக்கு வந்த பெண்கள் ஒருத்தி ஒருத்தியாகக் குறைந்தார்கள். முள் குத்திய அந்தப் பெண்ணின் தகப்பனார், பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்கிறவர், ஒருநாள் பள்ளி வாசலில் வந்து நின்றார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"எம்பொண்ணு அங்க ஆடியிருந்தா எங்கியோ போயிருக்கும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேல கெடச்சிருக்கும். நீங்க கெடுத்துட்டீங்கம்மா."

"உங்க பொண்ணு அன்னிக்கு எங்க நின்னுகினு இருந்திச்சின்னு கேட்டீங்களா நைனா?"

"கேட்டேன். ஒண்ணும் ஆவலியே," என்றார் அவர்.

அன்று மாலை பி.டி. டீச்சர், மைதானம் என்று நாங்கள் சொல்லிக்கொண்ட பள்ளியின் பின்புறச் சந்தில், வந்திருந்த சில பெண்களை வைத்து எப்போதும்போலப் பயிற்சி கொடுத்தார். போகும்போது என்னிடம் சொன்னார்: "ஒண்ணும் ஆவாத வரைக்கும் நான்தான், டீச்சர், கெட்டவ. ஏதாவது ஆச்சின்னா நான் சொன்னது சரின்னு ஆவும். எனக்கு ரெண்டுமே வேணாம்." அடுத்த ஆண்டு அரக்கோணத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அங்கேயே ஓய்வும் பெற்றார்.

அரங்கம் பிறகு வந்தது. அதே இடத்தில்தான். இம்முறை மறுத்துப் பேச ஆள் இல்லை. சொன்னபடியே சுவர் வைத்தார்கள். படிக்கட்டு வரிசைகள், செம்மண் ஓடுதளம், வாசலில் பெரிய வளைவு எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன. திறப்பு விழா அன்று பிள்ளைகள் ஓடியதைப் பார்த்து நான் கைதட்டினேன். அவரும் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. நானும் ஓய்வு பெற்று, மாலை நடைக்கு அங்கேதான் போகிறேன். முதல் கோடையில் பின்பக்கத்துக் குவாரிச் சுவரில் சில கற்கள் பெயர்ந்தன. பேருந்து நிறுத்தத்துக்குக் குறுக்குவழி என்றார்கள். அடைத்தார்கள், மறுபடி பெயர்ந்தது. இப்போது ஒரு ஆள் குனிந்து போகிற அளவு இருக்கிறது. புகார் சொல்லியிருக்கிறேன். "பாக்கறோம் மேடம்" என்றார்கள்.

போன மாதம் ஒருநாள், நடந்துகொண்டிருந்தபோது பையன்கள் கூட்டமாக என்னைக் கடந்து வாசல் பக்கம் போனார்கள். எல்லாருக்கும் தலை நனைந்திருந்தது. அரங்கத்துக் குழாயில் பல நாட்களாகத் தண்ணீர் வரவில்லை. அங்கிருந்தே அவருக்குப் போன் செய்தேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"எத்தன பேரு உள்ள போனாங்க, எத்தன பேரு திரும்பி வந்தாங்கன்னு யாராவது பாத்தாங்களா டீச்சர்?"

நான் வாசலுக்கு ஓடி அந்தப் பையன்களை நிறுத்தினேன். எல்லாரும் வந்துவிட்டீர்களா என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவன், "ஆங், வந்துட்டோம் மேடம்," என்று சிரித்தான்.

மறுநாள் மாலை ரயிலில் அவர் வந்தார். முழங்கால் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டு வாங்கி, சுவரின் அந்த ஓட்டைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார். பையன்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அன்று முதல் ஒருநாள் அவர், ஒருநாள் நான். சுவர் இன்னும் அடைபடவில்லை. "நாம உக்காந்திருக்கற வரைக்கும் அடைக்க மாட்டாங்க டீச்சர். நாம எழுந்துட்டாலும் அடைக்க மாட்டாங்க," என்கிறார்.

இன்று அவருடைய முறை. காலையில் போன் செய்து காய்ச்சல் என்றார். நான் போகிறேன் என்றேன். ஆந்திர மலைகளின் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, மழைக்கு முந்தைய புழுக்கம். இப்படிப்பட்ட நாளில்தான் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஞாபகம் வரும். பள்ளி விட்டிருப்பார்கள். எழுதுவதை இத்தோடு நிறுத்திக்கொண்டு நான் கிளம்ப வேண்டும்.