ருக்கம்மா கேட்ட லீவு

1. முதல் நாள்

திருத்தணியில், மலையடிவாரத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட்டாகப் பொறுப்பேற்ற அன்று, முதல் வேலையாக வார்டு ஆயாவின் கையிலிருந்த மாப்பைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்பதே சரியான சொல். அன்போடு வாங்கிக்கொண்டேன் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

அதற்கு முன் பல வாரங்களாகத் தலைமைத்துவத்தைப் பற்றி வாசித்து வந்தேன். கிறிஸ்தவத் தலைவர் முதலில் ஓர் ஊழியர். உயரத்தில் அமர்பவரல்ல, கீழே குனிபவர் என்று வாசித்த இடமெல்லாம் எழுதியிருந்தது. சீடர்களின் பாதங்களைக் கழுவிய ஆண்டவரை எண்ணி என் கண்கள் கலங்கின. கலங்கிய கண்களோடு பென்சிலால் அடிக்கோடும் இட்டேன். அடிக்கோடிட்ட அனைத்தையும் முதல் நாளிலேயே நடைமுறைப்படுத்திவிட வேண்டும் என்ற அவசரம்தான் ஆண்கள் வார்டின் நடுவே என்னை மாப்போடு நிறுத்தியது.

மாப்பை இழந்து நின்றவர் பெயர் ருக்மணி. எல்லோருக்கும் ருக்கம்மா. பொதட்டூர்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். அவர் ரகசியம் பேசினாலும் இரண்டு வார்டுக்குக் கேட்கும்.

"இன்னா சிஸ்டரம்மா, நான் சரியா தொடைக்கலையா?"

"அதெல்லாம் இல்ல ருக்கம்மா. நீங்க கொஞ்சம் உக்காருங்க. இன்னிக்கு நான் தொடைக்கிறேன்."

"உக்காரவா?" அவர் முகம் வெளுத்துவிட்டது. "வேலைய வுட்டு நிறுத்தறீங்களா? நேரா சொல்லிடுங்கம்மா. வூட்ல போய் நான் பதில் சொல்லணும்."

இல்லை என்று நான் சத்தியம் செய்துகொண்டிருந்தபோதே, என் பின்னால் ஒரு நோயாளியின் மைத்துனர் வழுக்கி விழுந்தார். மாப்பைப் பிழியாமல் தரை முழுவதும் தண்ணீரை இழுத்துவிட்டிருக்கிறேன். அவர் முழங்காலுக்கு டிரெஸ்ஸிங் செய்ததும் நானே. ஒரே காலையில் இரண்டு ஊழியம். நான் மாப் போட்ட காட்சி மதியத்துக்குள் ஸ்டாஃப் வாட்ஸ்அப் குழுவில் படமாக வந்தது. கீழே வரிசையாகக் கைகூப்பிய சின்னங்கள். அவை பாராட்டு என்றே வெகுநாள் நம்பினேன்.

2. சாப்பாட்டு மேசை

அடுத்து, மதிய உணவை நானே பரிமாறத் தொடங்கினேன். எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியாக உண்பது என்பது என் தீர்மானம். சூப்பரின்டெண்டென்ட் நிற்கும்போது உட்கார்ந்து சாப்பிட யாருக்கும் மனம் வராது என்பதை நான் யோசிக்கவில்லை. நர்சுகள் தட்டோடு நின்றார்கள். நான் உட்காரச் சொன்னேன். அவர்கள் என்னை உட்காரச் சொன்னார்கள். சாம்பார் ஆறியது.

அரக்கோணத்திலிருந்து ரயிலில் வரும் ஸ்டாஃப் நர்ஸ் சபீனாவுக்கு என் மகள் வயதிருக்கும். அவள்தான் ஒருநாள் வாய்திறந்தாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பக்கத்துல நின்னுகினு 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'னா, எனக்கு மாமியார் வூட்டுக்கு வந்த மாதிரி கீது. சோறு எறங்க மாட்டேங்குது."

சிரித்துக்கொண்டே அவளுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

இதற்கிடையே என் மேசையில் வேறு காரியங்கள் காத்திருந்தன. சளி உறிஞ்சும் சக்ஷன் மெஷின் ஒன்று பழுதாகிக் கிடந்தது. இரண்டு பேர் தொடர்ந்து தாமதமாக வந்தார்கள். ஆயாக்களின் டியூட்டி ரோஸ்டர் பழைய ஏற்பாட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இவற்றில் எதைத் தொட்டாலும் யாரிடமாவது கண்டிப்பாகப் பேச வேண்டும். பெரும்பாலும் மெடிக்கல் சூப்பரின்டெண்டென்ட்டிடம். அவரைப் பெரிய டாக்டர் என்போம். நல்ல மனிதர், கோபக்காரர்கூட அல்ல. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "ம், சொல்லுங்க" என்பார். அந்த "ம்" காதில் விழுந்ததும் நான் கொண்டுபோன விஷயத்தில் பாதி மறந்துபோகும். மீதியை நானே வாபஸ் வாங்கிக்கொண்டு வருவேன்.

3. ஆடிக் கிருத்திகை

ஆடிக் கிருத்திகை அன்று எங்கள் ஊர் எங்கள் கையில் இருக்காது. பூக்காவடிகளும் அரோகராவும் சாலையை நிறைக்கும். மயங்கியவர், காலில் கொப்புளம் கண்டவர், கூட்டத்தில் நசுங்கியவர் எல்லோரும் எங்கள் கேஷுவால்டிக்கு வருவார்கள். ஆகவே அன்று ஊழியர் யாருக்கும் லீவு கிடையாது என்பது ஆஸ்பத்திரியின் பழைய வழக்கம். எழுதிவைத்த விதியல்ல, அதனாலேயே யாரும் கேள்வி கேட்டதில்லை.

கிருத்திகைக்கு இரண்டு வாரம் முன்பு ருக்கம்மா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"கிருத்திகைக்கு எனக்கு லீவு வோணும் சிஸ்டரம்மா."

அவர் மகளுக்குப் பல வருடம் கழித்து உண்டான குழந்தை எங்கள் லேபர் வார்டில்தான் பிறந்தது. பிறந்ததும் அழவில்லை. வெளியே பெட்பேனோடு நின்றிருந்த ருக்கம்மா, இந்த உயிர் நின்றால் கிருத்திகைக்கு நானே புஷ்பக் காவடி எடுத்து மலையேறி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டாராம். குழந்தை அழுதது.

"நம்ம பாஸ்டர் ஐயாவும் அன்னிக்கு ஜெபம் பண்ணாரு. இல்லேன்னு சொல்லக் கூடாது. நான் ரெண்டு பக்கமும் சொல்லிவெச்சேன். ஆனா காவடி எடுக்கறேன்னு வாக்குக் குடுத்தது மல மேல கீறவருக்குத்தான்."

அந்த லீவைக் கொடுக்க முறையான வழி ஒன்று இருந்தது. பெரிய டாக்டரிடம் போய் வழக்கத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வது. பிறகு வேறோர் ஆயாவை அன்றைக்கு மாற்றிப்போட்டு, அவர் முகம் சுளிப்பதைத் தாங்கிக்கொள்வது. எனக்கு அதைவிட உன்னதமான வழி தோன்றியது.

"நீங்க போயிட்டு வாங்க ருக்கம்மா. அன்னிக்கு உங்க வேலைய நான் பார்க்கிறேன்."

"ஆயா வேலையவா?"

"ஆமா."

"பெரிய டாக்டரு?"

"அவருக்கு இது தெரிய வேண்டியதில்ல."

அவர் நம்பாமல் இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நான் மட்டும் என் தாழ்மையின் அழகில் மயங்கி அமர்ந்திருந்தேன்.

கிருத்திகை அன்று ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, மாடியில் பெண்கள் வார்டின் கோடியில் பெட்பேன் கழுவும் அறையில் இருந்தேன். ஏப்ரனில் பை இல்லாததால் போன் என் மேசையில் இருந்தது. குழாய்ச் சத்தத்தில் வெளியே எதுவும் கேட்கவில்லை. மனத்துக்குள் ஒரு ஞானப்பாட்டு மெல்ல ஓடிக்கொண்டிருந்ததாகவும் நினைவு.

ஆந்திரப் பக்கமிருந்து பக்தர்களை ஏற்றி வந்த வேன் ஒன்று வளைவில் கவிழ்ந்திருந்தது. கேஷுவால்டி முழுக்க "நொப்பி, நொப்பி" என்று தெலுங்கில் வலியின் ஓலம். பலமாக அடிபட்ட ஒரு பெரியவருக்கு வயிற்றுக்குள் ரத்தக் கசிவு; உடனே சென்னைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு டியூட்டி டாக்டர் அடுத்தவரைத் தைக்கப் போய்விட்டார். ஆம்புலன்ஸில் எந்த நர்சை அனுப்புவது, வீட்டிலிருக்கும் யாரை அழைப்பது, பூட்டிக் கிடந்த சிறிய வார்டைத் திறப்பதா என்பதெல்லாம் நான் சொல்ல வேண்டியவை. சபீனா என் அறையில் தேடினாள். கேன்டீனில் தேடினாள். என்னை அறிந்தவள் என்பதால் சேப்பலிலும் தேடினாள். கடைசியில் ருக்கம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, ஒங்க வேலைய மேடம் பாக்கறாங்கன்னு சொன்னீங்களே, எங்கக்கா அவங்க?"

"மாடில, பெட்பேன் கழுவற எடத்துல போய்ப் பாரு. இன்னாடி அங்க அவ்ளோ அழுகச் சத்தம்?"

சபீனா போனை வைத்துவிட்டு மாடிக்கு ஓடி வந்தாள். கதவைத் தள்ளிய வேகத்தில் ஒரு பெட்பேன் உருண்டது.

"இங்க இன்னா மேடம் பண்றீங்க? கீழ ரத்தத்தோட கெடக்கறாங்க. யாரைக் கூட்டிக்கினு போறதுன்னு ஆம்புலன்ஸ் டிரைவர் நிக்கறான். இத கழுவறதுக்கா ஒங்கள சூப்பரின்டெண்டென்ட்டா போட்டாங்க?"

ஏப்ரனோடு இறங்கி ஓடினேன். சபீனாவையே ஆம்புலன்ஸில் அனுப்பினேன். வார்டு திறந்தது, வீட்டிலிருந்தவர்கள் வந்தார்கள். அந்தப் பெரியவர் சென்னையில் அறுவை சிகிச்சையில் பிழைத்தார். "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா" என்று அங்கே சொன்னார்களாம். சபீனா அந்த வாக்கியத்தை அவ்வளவில் நிறுத்திக்கொண்டாள். நானும் மீதியைக் கேட்கவில்லை.

அன்று கேஷுவால்டி சற்று அடங்கிய பிறகுதான் கவனித்தேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தவர் மஞ்சள் புடவையில் இருந்தார். கொண்டையில் காவடிப் பூவின் இதழ்கள் ஒட்டியிருந்தன.

"நான் பார்த்துக்கிறேன்னு சொன்னேனே, ஏன் ருக்கம்மா வந்தீங்க?"

"போன்ல அழுகச் சத்தம் கேட்டுச்சே." ஸ்ட்ரெச்சரைச் சுவரோரம் நிறுத்தினார். "பாதிப் படி ஏறிட்டேன். காவடிய மக தோள்ல வெச்சிட்டு எறங்கிட்டேன். மேல ஏறி வர்ற சனம் மொத்தமும் என்னைத் திட்டுது, எவடி இவ எதிர்ல வர்றான்னு."

"நான் உங்க வேலையத்தான் செஞ்சுட்டு..."

"என் வேலைய செய்யச் சொல்லி ஒங்கள யாரு கேட்டாங்க? நான் லீவுதானே கேட்டேன். நேர்ந்துகினது நானு, எடுத்துகினு போனது அவ. அடுத்த வருசம் வரைக்கும் இது என் நெஞ்சுல கெடக்கும்."

4. பெரிய டாக்டரின் அறை

சில நாட்கள் நான் யாருக்கும் பரிமாறவில்லை. யோசித்தேன். பாதங்களைக் கழுவிய ஆண்டவர், அதே இரவில் அதிகாரம் உள்ளவர்களின் முன்னால் நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னார். நானோ, பாதம் கழுவிய பகுதியோடு வாசிப்பை நிறுத்திக்கொண்டிருக்கிறேன். பெரிய டாக்டரின் முன் நிமிர்வதைக் காட்டிலும் மாப்பின் முன் குனிவது எனக்குச் சுலபமாக இருந்தது. அந்தச் சுலபத்துக்குத் தாழ்மை என்று பெயரிட்டிருந்தேன்.

பெரிய டாக்டரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ம், சொல்லுங்க."

"கிருத்திகைக்கு யாருக்கும் லீவு இல்லைங்கிற வழக்கத்தை மாத்தணும் டாக்டர்."

"அன்னைக்குத்தானேம்மா நமக்குக் கூட்டமே."

"நமக்குக் கூட்டம். அவங்களுக்குத் திருநாள். கிறிஸ்மஸுக்கு லீவு எடுத்தவங்க கிருத்திகைக்கு இருக்கட்டும். ரம்ஜானுக்கு சபீனாவுக்கு விடுவோம். கிருத்திகை ஒருநாளைக்கு ரெண்டு ரிலீஃப் ஆயா வேணும். சக்ஷன் மெஷினும் சரியாகணும்."

"அன்னைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? பெட்பேன் கழுவுவீங்களா?"

அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"இல்ல டாக்டர். கேஷுவால்டியில உக்கார்ந்திருப்பேன்."

"அப்பாடா" என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி, போடுங்க." நான் பல மாதம் அஞ்சிய உரையாடல் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

உண்மையான கஷ்டம் எஸ்தர் என்ற ஆயாவிடம் காத்திருந்தது.

"அவங்க மல மேல பூ போடப் போவாங்க, நாங்க இங்க சாவணுமா சிஸ்டர்?"

"கிறிஸ்மஸுக்கு நீங்க சர்ச்சுல இருந்தப்போ உங்க வார்டை யார் பார்த்தாங்க எஸ்தர்?"

"ருக்கம்மாதான். அதுக்கு? அது ஆண்டவர் பொறந்த நாளாச்சே."

"இது அவங்க வாக்குக் குடுத்த நாள்."

எஸ்தர் அதன் பிறகு வெகுநாள் எனக்கு ஸ்தோத்திரம் சொல்லவில்லை. எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு கடப்பார். வாட்ஸ்அப்பில் நான் போட்ட ரோஸ்டருக்குக் கைகூப்பிய சின்னம் ஒன்றுகூட வரவில்லை. எல்லோரும் விரும்பும் நல்லவள் என்ற பதவியிலிருந்து நான் நீக்கப்பட்டேன். அந்தப் பதவியில் நான் எவ்வளவு பிரியமாக இருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இன்சார்ஜாகப் பொறுப்பேற்கும் இளம் செவிலியருக்கு நான் சொல்வது இதுதான். குனிந்து வேலை செய்யுங்கள், தவறில்லை. ஆனால் அந்த வேலை அவர்களுக்கு வேண்டியதா, உங்கள் மனச்சாட்சிக்கு வேண்டியதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்கான விலையை ருக்கம்மா பாதிப் படியில் கொடுத்தார்.

5. அடுத்த கிருத்திகை

மறுவருடமும் கூட்டம் குறையவில்லை. கேஷுவால்டி வாசலை ஒட்டி நாற்காலி போட்டு, போனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். யாரை எங்கே அனுப்புவது என்பதைத் தவிர நான் வேறெதுவும் செய்யவில்லை. கைகள் துறுதுறுத்தன. ஒருமுறை எழுந்துபோய் டிரெஸ்ஸிங் டிரேயைக் கையில் எடுத்துவிட்டேன்.

"மேடம், அந்தாண்ட போய் உக்காருங்க" என்றாள் சபீனா. எஸ்தர் என்னைப் பார்க்காமலே என் கையிலிருந்த டிரேயை வாங்கிக்கொண்டு போனார்.

நண்பகலில் ருக்கம்மாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அந்த நேரத்தில் உள்ளே ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. மயங்கி விழுந்த மூவரை ஒன்றாகத் தூக்கி வந்திருந்தார்கள். யாரோ தெலுங்கில் என்னை அழைத்தார்கள்.

"சிஸ்டரம்மா, கோபுரத்தாண்ட வந்துட்டேன். காவடி தோள்லதான் கீது. அங்க ஒண்ணும் அவசரமில்லையே?"

நான் வராந்தாவுக்கு வந்து, கேஷுவால்டியின் கதவை இழுத்துச் சாத்தினேன். சத்தம் நின்றது.

"ஒண்ணும் இல்ல ருக்கம்மா. நீங்க உள்ள போங்க."

"ஆங்" என்றார். அவரைச் சுற்றி எழுந்த அரோகராவில் மற்றது கேட்கவில்லை. அந்த நாள் முழுவதிலும் என் கையால் நான் செய்த ஊழியம், அந்தக் கதவைச் சாத்தியது ஒன்றுதான்.