தனபால் வண்டியின் பக்கப்படி

காளியப்பனுக்கு முட்டை ஆகாது. நாமக்கல்லில் இருந்துகொண்டு, முட்டை லாரிகளுக்கு நடுவிலேயே பிழைப்பு நடத்திக்கொண்டு, முட்டை ஆகாது என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? கல்யாணமான புதிதில் அவன் மனைவி அன்புச்செல்வியே சிரித்தவள்தான். பிறகு ஒருநாள் அவனுக்குத் தெரியாமல் குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றிவிட்டு, அவன் வாசலில் குனிந்து நின்று ஓங்கரித்ததைப் பார்த்தபின் அந்தச் சிரிப்பை விட்டுவிட்டாள்.

சேந்தமங்கலம் பக்கத்தில் அவன் பிறந்த வீட்டை ஒட்டி ஒரு கோழிப்பண்ணை இருந்தது. இடது கையால் ஈயை ஓட்டிக்கொண்டேதான் வலது கையால் சோறு தின்ன வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் எருக்குழியிலிருந்து வெள்ளைப் புழுக்கள் வாசல்வரை ஊர்ந்து வரும். பதினாறு வயதில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் போய்ச் சேர்ந்ததே அந்த நாற்றத்திலிருந்து தப்பிக்கத்தான். சூடான இரும்பும் பெயிண்டும் மணக்கிற அந்த இடம் அவனுக்குக் கோயில் மாதிரி இருந்தது. இருபது வருடம் அங்கே இருந்துவிட்டு, பரமத்தி ரோட்டில் சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை போட்டான். சைடு ஸ்டெப், கேரியர், ஏணி, இதையெல்லாம் வண்டிகளுக்கு மாட்டிக் கொடுப்பது தொழில்.

நாற்பத்தாறு வயதில் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. படியைக் கதவுக்குக் கீழே இருக்கும் தகரத்தில் ஓட்டை போட்டு மாட்ட மாட்டான். அடிச்சட்டமான சேசிஸிலேதான் பிராக்கெட் உட்கார வேண்டும் என்பான். மாட்டி முடித்ததும் தன் எண்பத்தைந்து கிலோவோடு மேலே ஏறி மூன்று தடவை குதிப்பான். கிரீச்சென்று ஒரு சத்தம் வந்தாலும் எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலையில் தனபாலின் பிக்கப் வந்து நின்றது. முன்னால் இரண்டு பேர், பின் சீட்டில் நாலு பேர் உட்காரலாம். அதற்கும் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி. தனபாலுக்குக் கோழிப்பண்ணைகளில் குஞ்சுகளுக்கு ஊசி போட்டு மூக்கு வெட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்ட். குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்திக் கொல்லாமல் இருக்க, அலகின் நுனியைச் சூட்டுக்கத்தியில் வைத்துச் சுட்டு எடுப்பார்கள். அந்த வேலையைச் செய்ய அவனிடம் நாலு பெண்கள் கொண்ட ஒரு செட்டு இருந்தது. செட்டுக்குப் பெரியவள் சௌந்திரம். ஐம்பது வயசு, நாலே முக்கால் அடி உயரம்.

போன மாதம் தனபால் பார்க்க எடுப்பாக இருக்க வேண்டும் என்று வண்டிக்குப் பெரிய டயர்களாக வாங்கிப் போட்டான். வண்டி எழும்பி நின்றது. முழங்காலை நெஞ்சுவரை தூக்கினால்தான் பெண்களால் உள்ளே ஏற முடிந்தது. ஆராயி என்கிறவள் வழுக்கி விழுந்து கெண்டைக்கால் தோல் உரிந்து போனது. “இந்தப் பண்ணை முடிஞ்சுதுன்னா, படி வெக்கற வரைக்கும் அடுத்ததுக்கு நாங்க வல்லீங்க” என்று சௌந்திரம் சொல்லிவிட்டாள். அதற்காகத்தான் இப்போது வந்திருந்தான்.

விடியற்காலை நாலு மணிக்கே ஒரு பண்ணையில் வேலையை முடித்துவிட்டு, பெண்களும் அதே வண்டியில் நேராக வந்திருந்தார்கள். கதவு திறந்ததும் அந்த வாடை கொட்டகைக்குள் குபீரென்று பாய்ந்தது. எரு, பொசுங்கிய அலகு, மருந்து, வியர்வை. காளியப்பன் தோளில் கிடந்த துண்டை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டான்.

“ஏனுங்க, கொஞ்சம் அக்கட்டப் போயி உக்காருங்க. நாத்தம் கொடலப் பொரட்டுது.”

பெண்கள் எழுந்தார்கள். வெயிலில், பழைய இரும்புக் குவியலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். தனபால் சிரித்தான். “காளியண்ணனுக்கு இன்னும் அது போகலியா? நீங்க வேலையப் பாருங்கண்ணா. நான் டவுனுக்குள்ள போயி சீட்டு கவர் எடுத்துட்டு வாரேன்” என்று யாரோ ஒருவரின் பைக்கில் தொற்றிக்கொண்டு போனான்.

ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி அடியில் படுத்த காளியப்பனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. சேசிஸ் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. எரு சிமெண்டு பூசியதுபோல இறுகிக் கிடந்தது. அதில் இறகுகள் குத்திட்டு நின்றன. பிராக்கெட் மாட்டும் துளையைத் தேடி உளியால் சுரண்டியபோது, நசுங்கிக் காய்ந்த ஒரு குஞ்சு முழுசாகப் பெயர்ந்து அவன் கழுத்தில் விழுந்தது. அதன் அடியில் ஈரமாக இருந்த இடத்தில் புழு நெளிந்தது. வெளியே ஓடிவந்து, காலையில் குடித்த காபியை எல்லாம் கக்கினான். சௌந்திரம் எழுந்து வந்து, எட்டவே நின்று, தன் தண்ணீர் பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவன் அதை எடுக்கவில்லை. குழாயில் வாயைக் கொப்பளித்துக்கொண்டு, பிரஷர் தண்ணீர் அடித்து, ஒரு மணி நேரம் கழுவினான்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. ஒரு பக்கத்துக்கு மூன்று பிராக்கெட். போல்ட்டுகளைப் பாதி முறுக்கில் விட்டு, படியைத் தூக்கி வைத்து மட்டம் பார்த்தான். படியோடு வந்த பிராக்கெட்டில் மாட்டினால் அது கதவோடு ஒட்டிக்கொண்டு அழகாகத்தான் இருந்தது. ஆனால் தரையிலிருந்து இரண்டடி உயரம். அதில் கால் வைக்கவே இன்னொரு படி வேண்டும். காளியப்பன் இரும்புப் பட்டையை வெட்டி, வளைத்து, வெல்டு வைத்து, படியை ஐந்து அங்குலம் கீழே இறக்கினான்.

“ஏனுங்கக்கா, உங்களுக்குத்தான் இது எட்டோணும். வந்து காலை வெச்சுப் பாருங்க.”

சௌந்திரம் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை வைத்தாள். கைப்பிடியைப் பிடிக்காமலே ஏறி, சீட்டில் உட்கார்ந்து, இறங்கி, இன்னொரு தடவை ஏறினாள்.

“முட்டி நோகவே இல்லீங்க தம்பி” என்றாள். மற்ற மூன்று பேரும் வந்து ஆளுக்கொரு தடவை ஏறி இறங்கினார்கள். ஆராயி பேருந்தில் ஜன்னல் சீட்டு கிடைத்தவள்போல உள்ளே உட்கார்ந்து வெளியே எட்டிப் பார்த்துச் சிரித்தாள். வாடை அடித்துக்கொண்டுதான் இருந்தது. வேலை சரியாக வந்துவிட்ட சந்தோஷத்தில் காளியப்பன் அதைக் கொஞ்சம் மறந்திருந்தான்.

தனபால் வந்தான். பளபளக்கும் படியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். “சூப்பருங்கண்ணா” என்றான். சீட்டுகளுக்குப் புதுக் கவரை அவனே மாட்டினான். பெண்கள் ஏறுவதற்காகக் கதவருகே போனபோது கையை நீட்டித் தடுத்தான்.

“இங்க வேண்டாம். இனிமே பின்னால தொட்டியில ஏறிக்கோங்க.”

“ஏனுங்க?” என்றாள் சௌந்திரம்.

“மருந்துக் கம்பெனிக்காரங்க, டாக்டருங்க எல்லாம் ஏறப்போற வண்டி. எருக்காலோட ஏறுனீங்கன்னா சீட்டு என்னத்துக்கு ஆகும்? படி என்னத்துக்கு ஆகும்?”

“படி எங்களுக்குன்னு சொல்லித்தானுங்க வெச்சீங்க?”

“அட, நாத்தம் புடிச்சுக்கிச்சுன்னா போகாதுங்கறேன். நானாச் சொல்லல. காளியண்ணனக் கேளுங்க. காலையில உங்கள அக்கட்டப் போயி உக்காரச் சொன்னாரா இல்லியா? மூக்கப் பொத்திக்கிட்டாரா இல்லியா? சொல்லுங்கண்ணா!”

நாலு பெண்களும் காளியப்பனைப் பார்த்தார்கள். அவன் கையில் ஸ்பேனர் இருந்தது. ‘இல்லை’ என்று சொல்ல முடியாது. ‘ஆமாம், ஆனால் அது வேறு’ என்று சொல்லலாம். எது வேறு என்று அவனுக்கே விளங்கவில்லை. ஸ்பேனரை எண்ணெய்த் துணியில் துடைத்தான்.

பெண்கள் பின் டயரில் கால் வைத்துத் தொட்டிக்கு ஏறப் போனார்கள். ஆராயி அடிபட்ட காலை ஊன்ற முடியாமல் திணறினாள். சௌந்திரம் கீழேயிருந்து அவளைத் தள்ளி ஏற்றினாள். கடைசியாக அவள் ஏறும்போது காளியப்பன் ஓடிப்போய்க் கையை நீட்டினான்.

“வேண்டாங்க தம்பி. கையில எரு ஒட்டிக்கும்” என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்று மாலை அவன் இரண்டு தடவை குளித்தான். தனபாலை நினைக்க நினைக்க, உளியில் பெயர்ந்து கழுத்தில் விழுந்த அந்தக் குஞ்சை நினைத்தபோது வந்த அதே குமட்டல் வந்தது. அதில் பாதி தன்மேலேயே என்பதும் தெரிந்தது. அன்புச்செல்வியிடம் சொன்னான். அவள் சாதத்தைப் பரிமாறிக்கொண்டே, “அவன் கேக்கறப்ப வாயில என்ன வெச்சிருந்தீங்க?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய குழாயை வெட்டி, தொட்டியின் பின்கதவுக்குக் கீழே மடக்கி விரிக்கிற மாதிரி ஒரு படி செய்தான். செட்டு சேந்தமங்கலம் பக்கத்தில் ஒரு பண்ணையில் இருப்பதாக விசாரித்துக்கொண்டு, டிரில்லையும் எடுத்துக்கொண்டு தன் பைக்கில் போனான். முப்பது வருடத்துக்குப் பிறகு கோழிப்பண்ணைக்குள் கால் வைத்தான். இரண்டு தடவை ஓரமாக ஒதுங்கி ஓங்கரித்தான். கண்ணில் தண்ணீர் வழிய வழிய, தனபாலிடம் கேட்காமலே, படியை மாட்டி முடித்து மேலே ஏறிக் குதித்தும் பார்த்தான்.

தனபால் வந்து பார்த்தான். திட்டுவான் என்று காளியப்பன் எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் பதில் சொல்வதற்கு இந்தத் தடவை வார்த்தை வைத்திருந்தான். ஆனால் தனபாலின் முகம் மலர்ந்தது.

“அட, இது எனக்குத் தோணாமப் போச்சே! இனிமே முன்னால உக்காரோணும்னு ஒருத்தியும் மொணங்க மாட்டா. உங்க கைக்கு மோதரம் போடோணுங்கண்ணா!”

காளியப்பனுக்கு நாக்கு கசந்தது. இவன் சாக்கடையில் நல்ல தண்ணீரை ஊற்றினாலும் அதுவும் சாக்கடையாகத்தான் ஓடுகிறது என்று தோன்றியது. ஷெட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே சௌந்திரம் வந்தாள். படியைப் பார்த்தாள். காலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

“நல்லாத்தான் செஞ்சிருக்கறீங்க” என்றாள். “கழட்டிருங்க தம்பி.”

“ஏனுங்கக்கா?”

“இது இருந்துச்சுன்னா நாங்க சாகற வரைக்கும் தொட்டியிலதான். மழையோ வெயிலோ.”

“யாரக் கேட்டுக் கழட்டச் சொல்ற நீ?” என்று தனபால் குரலை உயர்த்தினான்.

“ஏறப்போறவ நாந்தானுங்க?” என்றாள் அவள். “முன்னால ஏத்துனா வாரோம். இல்லாட்டி உங்க மருந்துக் கம்பெனிக்காரங்களயே மூக்கு வெட்டச் சொல்லுங்க.”

காளியப்பன் ஸ்பேனரை எடுத்தான். “காளியண்ணா, தொடாதீங்க” என்றான் தனபால்.

“நான் கேக்காம மாட்டுனது. நானே கழட்டறேன்” என்று சொல்லிவிட்டு நாலு போல்ட்டையும் கழற்றினான். பெண்கள் நாலு பேரும் சோறு கொண்டுவந்த தூக்குப்போசிகளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்கள். படியைத் தன் பைக்கில் கட்டிக்கொண்டு அவனும் கிளம்பினான். தனபால் பின்னாலிருந்து கத்தியது கேட்டது. அதில் ‘பொட்டச்சிங்க’ என்ற சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

மூக்கு வெட்டுவதை நினைத்தபோது செய்துகொள்ள முடியாது. குஞ்சு பத்து நாளைத் தாண்டினால் ரத்தம் நிற்காது. மூன்றாம் நாள் பண்ணைக்காரர் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டார். வேறு செட்டைத் தேடி மேட்டூர்வரை ஆள்விட்டும் யாரும் சிக்கவில்லை. தனபால் சௌந்திரத்தின் வீட்டுக்கே போய், “சரி, முன்னாலயே ஏறிக்கோங்க” என்று சொல்லிவிட்டு வந்தான். வாசலில் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே வந்தான் என்று ஆராயி பிறகு சொன்னாள்.

ஒரு மாதம் இருக்கும். பெட்ரோல் பங்க்கில் காளியப்பன் தன் பைக்குக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தான். தனபாலின் பிக்கப் டீசல் போட நின்றது. நாலு பெண்களும் உள்ளேதான் இருந்தார்கள். புதுக் கவரைக் காணோம். சீட்டு முழுக்க நீல நிறத் தார்ப்பாய் விரித்திருந்தது. காளியப்பனின் கண், வழக்கம்போல, கீழே போனது. அவன் அடித்துத் தேய்த்து மாட்டிய படியின்மேல் தீவனச் சாக்கைச் சுற்றிக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தான் தனபால். இவர்கள் கால் இரும்பில் படக் கூடாதாம். சாக்கு பிளாஸ்டிக் சாக்கு. நனைந்தால் வழுக்கும். ஆராயியின் கெண்டைக்கால் இன்னும் ஒருதடவை உரியும்.

அவனுக்கு வாயில் எச்சில் ஊறியது. துப்பினான். டூல்ஸ் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு நேராகப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கம்பியை வெட்டினான். எரு நாற்றம் முகத்தில் அறைந்தது. சாக்கை உருவிச் சுருட்டித் தொட்டிக்குள் வீசினான். டீசல் போட்டுக்கொண்டிருந்த ஆளிடம் பேசிக்கொண்டிருந்த தனபால், “அண்ணா, என்ன பண்றீங்க!” என்று ஓடி வந்தான்.

“வழுக்கும்” என்றான் காளியப்பன். “நான் மாட்டுன படியில ஒருத்தரும் வழுக்கி உழக் கூடாது.”

சௌந்திரம் ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். தனபாலை அவள் பார்க்கவே இல்லை.

“அந்தப் பக்கமும் ஒண்ணு கட்டியிருக்குதுங்க தம்பி” என்றாள்.