லீற்றருக்கு இருபது

எங்கள் காரில், வேகம் காட்டும் வட்டத்துக்குக் கீழே ஒரு சின்ன இலக்கம் பச்சை நிறத்தில் எரியும். ஒரு லீற்றர் பெற்றோலுக்குக் கார் எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்பதை அது காட்டுகிறது. ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் பழைய கணக்கு அழிந்து, புதிதாக எண்ணத் தொடங்கும். காரை வாங்கிய நாளில் அது என் கண்ணிலேயே படவில்லை. என் கணவருக்கோ அதைத் தவிர வேறொன்றும் படவில்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், எண்ணெய் அடிக்கும் செட் வாசலில் வரிசையில் கிடந்தவர். அந்த வரிசையில் ஒரு நண்பரையும் ஒரு காய்ச்சலையும் சம்பாதித்துக்கொண்டு வந்தார். காய்ச்சல் போய்விட்டது, நண்பர் இருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு துளி வீணாவதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. காரை விற்றவர், "லீற்றருக்கு இருபது தாராளமா ஓடும்" என்று சொன்னதை அவர் வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டார்.

எத்தாளையில் எங்களுக்கு ஒரு சிறிய கடை. விதை, உரம், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் எல்லாம் விற்கிறோம். செவ்வாயும் சனியும் அவர் காரில் புத்தளத்துக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவார். மற்ற நாட்களில் கார் என் கையில் இருக்கும். இரண்டு மகள்மாரைக் கற்பிட்டியில் பாடசாலையில் விட வேண்டும், கூட்டி வர வேண்டும். பின்னேரம் குர்ஆன் ஓத ஓதப்பள்ளி. அவருடைய உம்மா, என் மாமிக்குக் கிளினிக். இடையில் மீன், கேஸ் சிலிண்டர், மாமியுடைய தங்கச்சி வீடு.

திங்கட்கிழமை பின்னேரம் நான் கார்த் திறப்பைக் கொடுத்ததும் அவர் முதலில் போய்ப் பார்ப்பது அந்த இலக்கத்தைத்தான்.

"பதிமூண்டு. என்ன புள்ள, பெற்றோல நீ குடிச்சியா?"

"நான் ஓட்டினன் மச்சான். கார்தான் குடிச்சது."

"எனக்கு இருபது தருது. அதே கார், அதே பெற்றோல். உன்ட கால் பாரம். அதுதான் விசயம்."

பொத்தானை அழுத்தி என் கணக்கை அழித்துவிட்டு, மறுநாள் புறப்படுவார். திரும்பி வரும்போது இருபதோ இருபத்தொன்றோ. அன்றிரவு சோறு அவருக்கு இன்னும் கொஞ்சம் ருசிக்கும்.

இதை வீட்டுக்குள் வைத்திருந்தால் நானும் சிரித்துக்கொண்டே விட்டிருப்பேன். ஆனால் கனமூலையில் அவருடைய நானாவின், அதாவது அண்ணனின், மகனுக்குக் கல்யாண வலீமா விருந்து நடந்தது. சாப்பிட்டு முடிந்து குடும்பத்தார் எல்லாரும் விறாந்தையில் இருந்தபோது, கார்களைப் பற்றிக் கதை வந்தது. "எங்கட கார் நல்ல கார்தான். இவட கால்தான் கொஞ்சம் பாரம்" என்றார் என் கணவர். எல்லாரும் என் காலைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சேலைக் கரையை இழுத்துக் காலை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில், பிள்ளைகள் பின்னால் தூங்கிவிட்டார்கள் என்று உறுதியானதும் சொன்னேன்.

"மச்சான், ஒரு கிழமைக்கு மாத்திப் பாப்பம். புத்தளத்துக்கு நான் போறன். வீட்டு ஓட்டமெல்லாம் நீங்க ஓடுங்க. அந்த நேரம் கடையில நான் இரிக்கன்."

"நீ போய்ச் சரக்கு எடுப்பியா?"

"வாசிக்கத் தெரியும், பேசத் தெரியும். வேற என்ன வேணும்?"

"சரி" என்றார் அவர். தோற்கப் போவது நான்தான் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

செவ்வாய் விடிய, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு ஓட்டோவில் அனுப்பிவிட்டுப் புறப்பட்டேன். தனியாக அவ்வளவு தூரம் நான் ஓட்டியதே இல்லை. சோளகக் காற்று வீசும் காலம். தெற்கு நோக்கிப் போகும் காருக்கு அது நேர் எதிரே வந்து மோதியது. நுரைச்சோலை தாண்டும்போது இலக்கம் பதினாறில் நின்றது. மின்சாரக் காற்றாடிகள் எல்லாம் சந்தோசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. உண்மையிலேயே என் கால்தான் பாரமோ என்று ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

பிறகு அந்த இலக்கத்தைப் பார்ப்பதை விட்டேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு, முன்னால் போன பஸ்ஸை முந்தாமல், அது போகிற வேகத்திலேயே போனேன். நிற்கத் தேவையில்லை, திரும்பத் தேவையில்லை. பின் ஆசனத்தில் சண்டை இல்லை. பாலாவியில் உப்பளம் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. கார் ஒரே சத்தத்தில், அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அது இப்படியும் ஓடும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மொத்தக் கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு வாசலை எட்டிப் பார்த்தார்.

"முதலாளி வரல்லயா?"

"இண்டைக்கு நான்தான். மிளகாய் விதை எடுக்க வந்தன். போன முறை தந்தது பாதிதான் முளைச்சது எண்டு தோட்டக்காரங்க செல்றாங்க."

"அப்பிடி அவர் ஒண்டும் செல்லல்லயே."

"அவர் வெக்கப்பட்டிருப்பார். எனக்கு வெக்கமில்ல."

அவர் சிரித்துவிட்டு உள்ளே போய் வேறு பெட்டியைக் கொண்டு வந்தார். நான் வீட்டுக்குத் திரும்பி வரும்போது டிக்கி நிறையச் சரக்கு இருந்தது, ஆனால் காற்று பின்னால் நின்று தள்ளியது. வீட்டு வாசலில் நிறுத்தியபோது இலக்கம் இருபதுக்கு மேலே ஒரு புள்ளியில் நின்றது. என் கணவர் பார்த்தார். "காத்து உதவி செஞ்சிரிக்கி" என்றார்.

"போகக்குள்ள அது எனக்கு உதவி செய்யல்ல" என்றேன்.

புதன்கிழமையிலிருந்து அவருடைய முறை. நான் கடையில் இருந்தேன். அவருக்கு நடந்ததையெல்லாம் மூத்த மகள்தான் மதியம் வந்து மூச்சு விடாமல் சொன்னாள். கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் சின்னவள் தண்ணீர்ப் போத்தலை மறந்தது ஞாபகம் வந்ததாம். வாப்பா திரும்ப வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போனாராம். அது நடந்தது உண்மைதான். என் கடை வாசலைக் கடந்து கார் போனதையும், திரும்ப வந்ததையும், மறுபடி போனதையும் நான் பார்த்தேன். கை காட்டினேன். அவர் காட்டவில்லை.

வியாழன் மாமியைத் தங்கச்சி வீட்டிலிருந்து கூட்டி வரப் போனார். மாமி ஒரு காலைக் காருக்குள் வைத்துவிட்டு, மறு காலை வெளியே வைத்துக்கொண்டு, தங்கச்சியுடன் கதைத்துக்கொண்டே நிற்பா. கதவு திறந்திருக்கும், ஏசி ஓடிக்கொண்டிருக்கும்.

"உம்மா, ஏறுங்க. பெற்றோல் போகுது."

"இரி மகன். ஒரே ஒரு கதைதான் மிச்சம்."

அந்த ஒரு கதை ஒரு கல்யாணத்தின் முழுக் கதையாக இருந்திருக்கிறது. வரும் வழியில் மீன் வாங்கக் கரைப்பக்கம் திரும்பினார். அங்கே பாதை முழுக்க மணல். முன் சில்லு புதைந்து, எஞ்சின் கத்தக் கத்த அது இருந்த இடத்திலேயே சுற்றியது. மீன்காரர்கள் வந்து தள்ளி ஏற்றிவிட்டார்கள். "மத்த நாள்ல உங்கட வீட்டு அம்மணி ரோட்டு மேலயே நிப்பாட்டிட்டு நடந்து வருவா" என்று ஒருவர் சொன்னாராம்.

மற்ற ஓட்டங்களும் இப்படித்தான் போயின. சனிக்கிழமை நான் மறுபடி புத்தளம் போய் வந்தேன், மறுபடி இருபது. அதன் பிறகு அவர் ஞாயிறும் திங்களும் ஓட்டினார். திங்கள் பின்னேரம் கார் வாசலில் வந்து நின்றது, அவர் இறங்கவில்லை. நான் போய்க் கண்ணாடியில் தட்டினேன்.

"எத்தன?"

"பன்னெண்டு."

நான் மனதுக்குள் தயார் பண்ணி வைத்திருந்த வார்த்தைகள் பல இருந்தன. அவருடைய முகத்தைப் பார்த்ததும் அவற்றை அப்படியே விட்டுவிட்டேன். நெற்றி வியர்த்து, சேர்ட்டில் மீன் தண்ணீர் தெறித்து, மடியில் ஒரு பாடசாலைப் பையை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு நாளும் இதையா ஓடுற நீ?" என்றார்.

"ஓம்."

"எனக்கிட்ட செல்லல்லயே."

"செல்லியிருக்கன். நீங்க இலக்கத்தப் பாத்துக்கொண்டிருந்தீங்க."

உள்ளே வந்து மாமியிடம் அவரே சொன்னார். "உம்மா, இவட கால்ல பாரமில்ல. பாரமெல்லாம் இந்த வீட்டு ஓட்டத்துலதான் இரிக்கி." மாமி, அதில் தன் பங்கு எவ்வளவு என்று தெரியாதவபோல, தேத்தண்ணி கேட்டா. அன்றிரவு கனமூலைக்குத் தொலைபேசி எடுத்து, அவருடைய நானாவிடமும் அதைச் சொன்னார். நான் அடுத்த அறையில் உடுப்பு மடித்துக்கொண்டு கேட்டேன். சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை.

அதன் பிறகு செவ்வாய் என்னுடையதாகவே நின்றுவிட்டது. காலைப் பாடசாலை ஓட்டம் அவருடையது. பிள்ளைகள் அவருடன் போவதையே விரும்புகிறார்கள். அவர்கள் கேட்டால் நான் மறுக்கிற இனிப்பை அவர் வாங்கிக் கொடுக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் கடையில் இருக்கும் காலை நேரங்களில், தோட்டம் செய்யும் பெண்கள் தைரியமாக உள்ளே வரத் தொடங்கினார்கள். முன்பு புருசன்மாரை அனுப்புவார்கள், இல்லாவிட்டால் வாசலில் நின்றே வாங்கிப் போவார்கள். இப்போது கதிரையில் உட்கார்ந்து, மிளகாய் இலை ஏன் சுருளுகிறது என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாததை நான் புத்தளத்தில் கேட்டு வந்து சொல்கிறேன். புதுப் பெட்டி விதை நன்றாக முளைத்ததாக இரண்டு பேர் வந்து சொன்ன நாளில், நான் கடையைப் பூட்டும்வரை சிரித்த முகத்தோடு இருந்தேன்.

போன செவ்வாய் மாமியும் என்னுடன் வந்தா. முன் ஆசனத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பாலாவி வரைக்கும் ஒரு நிமிடம்கூட ஓயாமல் கதைத்தா. எந்தத் தோட்டம் யாருடையது, அதை விற்றது யார், அவர் இப்போது எங்கே என்று எல்லாம் சொன்னா. உப்பளத்தைக் கண்டதும், "கொஞ்சம் நிப்பாட்டு மகள், வடிவா இரிக்கி" என்றா. இலக்கம் இறங்கினால் இறங்கட்டும் என்று காரை ஓரம் கட்டினேன். இருவரும் கண்ணாடியை இறக்கி, உப்புக் காற்று முகத்தில் அடிக்க, ஆட்கள் வெள்ளைக் குவியல்களைச் சீராக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.