பச்சை மனிதருக்கு ஒரு ‘வாங்க’

ஊரே பார்த்து முடித்த அந்தப் பழைய விண்வெளித் தொடரை ஒருவழியாக இன்று முதல் எபிசோடிலிருந்து ஆரம்பித்தேன். பக்கத்தில் அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

அட்டைப்பெட்டியில் செய்தது போல ஒரு விண்கலம். பச்சைச் சாயம் பூசிய வேற்றுக்கிரகத்துக்காரர் ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வந்தார். கேப்டன் துப்பாக்கியை நீட்டினார். சண்டை ஆரம்பம்.

அம்மாவுக்கு வந்ததே கோபம்!

“ஏங்கண்ணு, அத்தன தூரத்துல இருந்து வந்திருக்கறாரு. ‘வாங்க’ன்னு ஒரு வார்த்த கேட்டா என்னவாம்? அவருக்குக் கோவம் வராதா?”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அம்மா வெங்காயத்தை மறந்து, கேப்டனைத் திட்டித் தீர்த்தார்.

பின்னால் யாரோ கனைத்தார்கள்.

அம்மாவின் அண்ணன், உடுமலைப்பேட்டை மாமா. தேங்காய்ப் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

“செரி அம்மணி, ‘வாங்க’ன்னு கேக்க இங்க ஆளில்ல. நா வாரேன்.”

இருவரும் அலறியடித்து எழுந்தோம். வெங்காயம் வீடு முழுக்க உருண்டது.

“வாங்கண்ணா, வாங்க!”

“வாங்க மாமா!”

மாமா அசையவில்லை. கண் மட்டும் டிவிக்குப் போயிருந்தது.

“அந்தப் பச்ச மனுசன் எதுக்கு இத்தன கோவமா இருக்கறாரு?”

“ஊட்டுக்கு வந்தவர ‘வாங்க’ன்னு கேக்கலீங்ணா,” என்றார் அம்மா, தலையைக் குனிந்தபடி.

“அட, நம்மாளு!”

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“மொதல்ல இருந்து போடு கண்ணு.”

தொடரைப் பார்த்தவர்கள் தயவுசெய்து கதையைச் சொல்லிவிடாதீர்கள். கேப்டன் எந்த எபிசோடில் ‘வாங்க’ சொல்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள். அதுவரை மாமா ஊருக்குக் கிளம்ப மாட்டாராம்.