அரை மைல்

நான் ஒருவரைச் செருப்பால் அடித்திருக்கிறேன். அதுவும் எங்கள் திட்டத்தின் முதல் வாடிக்கையாளரை, ராமேஸ்வரம் ஜெட்டியில், மீன் ஏலம் நடக்கிற நேரத்தில். அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை. அந்த அடியில் பாதி எனக்கு விழவில்லையே என்பதுதான் வருத்தம்.

விசைப்படகு கடல் எல்லையை நெருங்கினால் கத்துகிற ஒரு சின்னப் பெட்டி செய்துகொண்டிருந்தோம். நான் பொறுப்பாளர், கூட ஒரு எஞ்சினியர். முழுசாகச் செய்து முடிக்கும்வரை காத்திருக்காதே, சின்னதாகச் செய்து பயன்படுத்துபவர் கையில் கொடு, அவர் சொல்வதைக் கேட்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்று என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தினமும் காலை பத்து மணிக்கு, நின்றபடியே கால் மணி நேரக் கூட்டம். எல்லாவற்றையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

இங்கே விசைப்படகுகள் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் கிளம்பி மறுநாள் காலையில் கரை சேரும். கிளம்பிய நாளில் ஆட்கள் கடலில் இருப்பார்கள். வந்த நாளில் மீனை இறக்கிவிட்டு அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார்கள். பத்து மணிக் கூட்டத்துக்குத் தவறாமல் வந்தவர் படகு முதலாளி ஒருவர்தான். கடலுக்குப் போவதை அவர் நிறுத்திப் பல வருஷம். எல்லோரும் நிற்கும் கூட்டத்தில் அவர் மட்டும் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் அவரைத்தான் 'பயன்படுத்துபவர்' என்று எழுதி வைத்திருந்தேன். எப்பேர்ப்பட்ட முட்டாள்தனம்!

"இந்தப் பெட்டி தெனம் ஏழரையக் கூட்டுது தாயி. எறாலு கெடக்குற எடத்துக்குப் போகுமுன்னயே கத்துனா எவன் வலை போடுவான்? தூரத்தக் கொறைங்க" என்பார் முதலாளி.

மூன்று மைலில் கத்தியதை இரண்டாக்கினோம். பிறகு ஒன்று. பிறகு அரை. ஒவ்வொரு முறையும் கை தட்டிக்கொண்டோம். எஞ்சினியர் மட்டும் ஒருநாள், "நீரோட்டம் இழுத்தா அரை மைல் பத்தாதுங்க" என்றார். "பயன்படுத்துறவரே கேட்கிறார். செய்யுங்க" என்று எரிந்து விழுந்தேன்.

அரை மைலாக்கிய பத்தாவது நாள், பெட்டி பொருத்தியிருந்த முதலாளியின் படகு தாமதமாகக் கரைக்கு வந்தது. படகை ஓட்டும் டிரைவர் என்ஜின் அறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையைச் சுற்றிய சட்டை ரத்தத்தில் ஊறிக் கறுத்திருந்தது. மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இன்னொருவருக்கு முன்பல் இரண்டும் போயிருந்தன. "பெட்டி கத்துனப்ப வலை முழுசும் தண்ணிக்குள்ள கெடந்துச்சு. இழுத்து முடிக்கிறதுக்குள்ள நீரோட்டம் எல்லைக்கு அங்கிட்டுக் கொண்டுபோயிருச்சு" என்றார் அந்தப் பல் போனவர். யார் அடித்தார்கள் என்று எழுதப்போவதில்லை. இரும்புக் குழாய்க்கு ஊர் பேர் கிடையாது.

பல் போனவர் பெட்டியைப் பிடுங்கிவந்து ஜெட்டியில் போட்டு நங்கூரத்தால் நொறுக்கினார். அடுத்தவர் எஞ்சினியரின் சட்டையைப் பிடித்து மூஞ்சியிலேயே குத்தினார். உதடு கிழிந்து தொங்கியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தடுக்கப் போன என் நெஞ்சில் முழங்கை இறங்கியதில் மூச்சு நின்று வந்தது. அப்போதுதான் முதலாளி வந்து சேர்ந்தார்.

"மெசினு மேல ஏண்டா பாயுறீங்க? எல்லையத் தாண்டுனது இவன் திமிரு" என்று டிரைவரைக் காட்டினார்.

என் கை செருப்புக்குப் போனதுதான் தெரியும். கன்னத்தில் இரண்டு அடி. மூன்றாவது விழுவதற்குள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

டிரைவரை ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இனி அந்தக் கையால் படகு ஓட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். பெட்டி எத்தனை மைலில் கத்த வேண்டும் என்று அத்தனை மாதத்தில் முதல்முறையாக அவரிடம் கேட்டேன்.

"அஞ்சு. வலையக் கெளப்ப நேரம் வேணும்லக்கா" என்றார், யோசிக்காமல்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணே." வெட்கமே இல்லாமல் என் குரலில் கோபம்கூட இருந்தது.

"சொல்லத்தான் ஒருநா ஒங்க ஆபீசுக்கு வந்தேன். உள்ள மொதலாளி உக்காந்திருந்தாரு. அவரு முன்னாடி எப்புடிச் சொல்றது? தண்ணி மட்டும் கேட்டேன்."

எனக்கு ஞாபகம் வந்தது. தண்ணீர் கொடுத்தது நான்தான். "கூட்டம் நடக்குது, சீக்கிரம் குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்று சொன்னதும் நான்தான்.